வான்கோழிகளுக்கு ஒரு வாத்தியார்

வான்கோழிக் குஞ்சுக்கு அழகு கூடவே பிறக்கும். அறிவு மட்டும் பின்னால் பார்சலில் வரும்.

அம்மாவின் கொட்டகைக்கு முந்தாநாள் நாற்பது குஞ்சுகள் வந்திருந்தன. பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக நின்றன. எதிரே தட்டு நிறையத் தீவனம். அவை அந்தத் தட்டிலேயே ஏறி நின்று, பசி பசி என்று கத்தின. குனிந்து கொத்தலாமே என்று ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை.

முட்டையிலிருந்து வரும்போதே குஞ்சுகள் வயிற்றுக்குள் கொஞ்சம் கட்டுச்சோறு கொண்டுவரும். அது இன்றோடு தீர்ந்துவிடும். சாப்பிடப் பழகாவிட்டால் ஒன்றும் தேறாது. தேறி, கொழுத்து, கறிக்குப் போனால்தான் அம்மாவின் தொழில் நிலைக்கும். போன தடவையே பாதி செத்துப்போயிருந்தன. இந்தத் தடவையும் அப்படியானால் கொட்டகையை மூடிவிட்டுப் பழைய துணிக்கடை வேலைக்கே போய்விடுவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

அம்மா ஒரு குஞ்சைப் பிடித்து, அதன் அலகைத் தீவனத்தில் தொட்டுவைத்தாள். அது அம்மாவை மரியாதையாகப் பார்த்தது. விட்டதும் போய்த் தூங்கியது. தீவனக் கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் விலை கூடிய தீவனம் ஒன்றைச் சிபாரிசு செய்தார்.

“சாப்பிடாததுக்கு எதைப் போட்டா என்ன?” என்று அம்மா போனை வைத்தாள். 

அதைக் கேட்டபடி சமையலறையில் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள் மகள். பத்து வயது. ஊர் அவளை வாலு என்று கூப்பிட்டது.

தம்பி வாயைத் திறக்கவில்லை. காக்காவைக் காட்டினாள், பூனையைக் காட்டினாள். பார்த்தான், திறக்கவில்லை. அலுத்துப்போய் அந்தக் கவளத்தைத் தானே விழுங்கினாள். உடனே தம்பி தட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

“அது என்னுது.”

வாலு கைகூடக் கழுவாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டு மெக்கானிக் நாட்டுக்கோழி வளர்த்தார். இருக்கிற குஞ்சுகளிலேயே பெரிய சாப்பாட்டு ராமன் எது என்று கேட்டாள். மெக்கானிக் யோசிக்கவே இல்லை. ஸ்பானரைக் கொத்திக்கொண்டிருந்த ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

“கொண்டு போ பாப்பா. திருப்பித் தர அவசரமே இல்ல.”

“இருக்கிறது பத்தாதுன்னு இன்னொரு வாயாடி?” என்றாள் அம்மா, குஞ்சோடு வந்தவளைப் பார்த்து.

“வாய்தாம்மா வேணும்.”

ராமன் கொட்டகையில் இறங்கியதும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. தட்டில் தலையைக் கவிழ்த்து டக்டக்கென்று ஆரம்பித்தான். தீவனம் நாலாபக்கமும் தெறித்தது. நாற்பது கழுத்துகள் நீண்டன.

ஒரு குஞ்சு கொத்திப் பார்த்தது. கிடைத்தது தரையில் பரப்பிய உமி. இன்னொன்று பக்கத்துக் குஞ்சின் விரலைக் கொத்தி, திட்டு வாங்கியது. மூன்றாவது, ராமன் அலகிலிருந்தே ஒரு துணுக்கைப் பிடுங்கி விழுங்கியது. திகைத்து நின்றது. இப்படியும் ஒன்று உலகத்தில் உண்டா என்ற முகம். பிறகு தட்டில் பாய்ந்தது.

அதைப் பார்த்து நாலு, அந்த நாலைப் பார்த்துப் பத்து. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க மழை பெய்கிற மாதிரி டக்டக் சத்தம். ராமன் தண்ணீர் குடிக்கப் போனான். நாற்பதும் வரிசையாகப் பின்னால் போயின.

“எப்படிடி கண்டுபிடிச்ச?”

“அடுத்தவங்க சாப்பிட்டாத்தாம்மா இதுங்களுக்குப் பசிக்கும். தம்பி மாதிரியே.”

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மாதங்கள் போயின. கறிக்கடைக்காரர் வந்து ஒரு வான்கோழியை ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குப் பிறகு மிகவும் பணிவாகப் பேசினார். நாற்பதில் ஒன்றுகூடக் குறையவில்லை. அம்மா தலை நிமிர்ந்து நின்று, அடுத்து நூறு குஞ்சுகள் இறக்கப்போவதாக அறிவித்தாள்.

அந்த நேரம் வாலு எதிர்வீட்டில் இருந்தாள். நூறு பேர் படிக்கும் வகுப்புக்கு ஒரு வாத்தியார் போதாது. கை நிறையத் தீவனத்தோடு, மெக்கானிக்கின் புது நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு நேர்முகத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தாள்.