கஜானியின் சாமத்தியவீட்டுப் படம்

"மெசினை நிப்பாட்டினது ஆர் எண்டு கேக்கிறன்."

"நான்தான் அண்ணை. நிப்பாட்டச் சொன்னது நீங்கள்."

கோப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் அந்தச் சண்டை நடந்தது. இரண்டு பேர் வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். வீடியோக் கடைக் குகதாசன் கத்துவது புதிதல்ல. அவரிடம் எட்டு வருடமாகப் படம் தொகுக்கும் நிரோஜா திருப்பிக் கத்தியதுதான் ஊருக்குப் புதினம்.

முதல்நாள் ஆயுதபூசை. ஊரில் எல்லோரும் மண்வெட்டிக்கும் தையல் மெசினுக்கும் பொட்டு வைத்தார்கள். குகதாசனின் பக்தி அதோடு அடங்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக ஒருநாளும் நிறுத்தாமல் ஓடிய கம்பியூட்டரை நிறுத்துவித்து, பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த நான்கு டிஸ்க்குகளையும் வாழையிலையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசி, மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். அந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, பிறகு ஒரு வளவை இரண்டாக வேலி அடைப்பதுபோல இரண்டு வொலியூமாகப் பிரித்து வைத்திருந்தவரும் அவர்தான். ஒன்றின் பெயர் மங்கலம். கலியாணவீடும் சாமத்தியவீடும் அதற்குள். மற்றதற்குள் செத்தவீடுகள். தங்கள் பிள்ளையின் தாலிகட்டு யாரோ ஒருவரின் பிரேதத்துக்குப் பக்கத்தில் கிடக்கக்கூடாது என்று பெற்றவர்கள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

காலையில் கம்பியூட்டரைப் போட்டபோது செத்தவீடு வந்தது. மங்கலம் வரவில்லை.

பாதி ஊரின் கலியாணம் காணாமற் போய்விட்டது என்ற செய்தி பத்து மணிக்குள் நீர்வேலி வரை போய்விட்டது. சிலருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். நிரோஜாவின் பயம் ஒரேயொரு படத்தைப் பற்றியது.

அருந்ததியின் ஒரே மகள் கஜானி, இருபது வயது, வல்லைவெளியில் ஸ்கூட்டியில் போகும்போது லொறி அடித்துச் செத்துப்போனாள். கைபேசியும் அவளோடு நொறுங்கியது. தாடை உடைந்திருந்ததால் வாயைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியபடியே, பட்டுச்சேலை உடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். அதையும் நிரோஜாதான் படம் பிடித்தாள். வீட்டுச் சுவர் நிறைய மகளின் படங்கள் இருந்தன. குரல் மட்டும் எங்கும் இல்லை. ஏழு வருடத்துக்கு முந்தி, அவள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுப் படத்தில், தண்ணீர் வார்க்கும்போது பிள்ளை குளிருது என்று சொல்லிச் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்த டிவிடியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

"அந்தியேட்டி முடிஞ்சா அவள் போயிடுவாள், பிள்ளை. அதுக்கு முதல் ஒருக்கா அவளின்ரை குரலைக் கேக்கவேணும்," என்று அருந்ததி வந்து கேட்டிருந்தார்.

பூசை முடிய எடுத்துத் தருவதாக நிரோஜா சொன்னாள். முன்பே எடுத்திருக்கலாம், ஒரு கலியாணப் படம் அவசரம் என்று தள்ளிப் போட்டாள். இப்போது நாளைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி.

திட்டி முடித்த குகதாசன் அளவெட்டியில் ஒரு கலியாணத்துக்குக் கமராவோடு போய்விட்டார். பின்னேரம் மூன்று மணிக்கே வானம் இருண்டு, தகரக் கூரையில் மழை மணலை அள்ளி வீசுவதுபோல் விழத் தொடங்க, சாத்திய கடைக்குள் பூசையின் கற்பூர வாசமும் வாடிய செவ்வந்தியின் வாசமும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசமும் ஒன்றாகக் கலந்து, ஒரு செத்தவீட்டின் உள்ளறை வாசமாக நிரோஜாவைச் சூழ்ந்தன. நான்கு டிஸ்க்குகளில் மூன்றுதான் திரையில் தெரிந்தன. பெட்டியைக் கழற்றினாள். நான்காவதின் கம்பி செருகுகிற வாயில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. பல் துலக்கும் பிரஷால் உரசித் துடைத்து, மாட்டி, மறுபடி போட்டாள். நான்கும் வந்தன. மங்கலத்தின் பெயரும் பட்டியலில் வந்தது, உறங்குகிறது என்ற குறிப்போடு. அதை எழுப்புகிற கட்டளையைத் தட்டினாள்.

திறந்தது. அவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

கஜானியின் படத்தை ஓடவிட்டாள். பந்தல், வாழைமரம், மேளம், எல்லாம் அப்படியே இருந்தன. மாமன் உச்சந்தலையில் பாலறுகு வைத்தார். கை காற்றில் நின்றது. பெண்கள் தண்ணீர் வார்த்தார்கள். தண்ணீர் வெறும் பலகையில் விழுந்து தெறித்தது. யாருமில்லாத கதிரைக்கு முன்னால் இரண்டு பேர் ஆலாத்தி சுற்றினார்கள். ஏழு வருடம் இளமையான அருந்ததி சிரித்தபடி குனிந்து, முந்தானைத் தலைப்பால், அங்கே இல்லாத ஒரு முகத்தைத் துடைத்தார்.

படம் பழுதாகியிருக்கும் என்று நிரோஜா தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆளை மட்டும் தின்று பின்னாலிருக்கும் சேலைக் கரையை மிச்சம் விடுகிற பழுது எதையும் அவள் கண்டதில்லை. கம்பியூட்டரை நிறுத்தி மறுபடி போட்டாள். செத்தவீட்டு வொலியூமைத் திறந்தாள். கஜானியின் பிரேதப்பெட்டியைச் சுற்றிச் சனம் கதறியது. பெட்டிக்குள் வெள்ளைத் தலையணை. தலை பதிந்த பள்ளம்.

கதவு தட்டப்பட்டது.

அருந்ததிதான். குடையை மடக்கி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஈரத் தலையோடு வந்து நின்றார்.

"படம் வந்திட்டுதோ, பிள்ளை?"

இல்லையென்று சொல்லியிருந்தால் போதும். நிரோஜா செத்தவீட்டுப் படத்தை மூடினாள். பதறிப்போய்க் கைக்கு வந்த வேறொரு படத்தைத் தட்டினாள். 2014இல் நடந்த ஏதோ ஒரு கலியாணம். சாப்பாட்டுப் பந்தி. சனத்துக்குப் பின்னால், வேலியோரம், பட்டுச்சேலையோடு ஒருத்தி. வாயைச் சுற்றி வெள்ளைத் துணி.

அந்த வருடம் கஜானிக்கு ஒன்பது வயது.

அருந்ததி கத்தவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சத்தத்தைக் கூட்டு, பிள்ளை," என்றார்.

கூட்டினாள். மேளம் கேட்டது. சிரிப்பு, கரண்டி, யாரோ பாயாசம் கேட்பது, எல்லாம் கேட்டன. துணிக்குப் பின்னால் தாடை அசைந்தது. குரல் இல்லை. அடுத்த கலியாணம். அதிலும் நின்றாள், வேலியோரம் அல்ல, பந்தலின் நடுவில். அதற்கடுத்ததில் மணவறைக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் கமராவை நோக்கி ஓரடி. கமராவைப் பார்த்துத்தான் கதைத்தாள். ஓயாமல் கதைத்தாள்.

"வாய்க்கட்டை அவிட்டுவிடாமல் வைச்சிட்டினம்," என்றார் அருந்ததி, திரையைத் தொட்டு. "எப்பிடிக் கதைப்பாள்?"

"அன்ரி, வேண்டாம். நிப்பாட்டுவம்."

"நீ போய் ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா, பிள்ளை."

போனாள். போகாமல் இருந்திருக்க வேண்டுமென்று பிறகு ஊரே சொன்னது. அந்த அறைக்குள் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்காது. தேத்தண்ணிக் கடைக்கு நூறு அடிதான். மழைக்குள் போய், குகதாசனுக்குப் போன் எடுத்து, மேளச் சத்தத்தில் ஒன்றும் விளங்காமல் வைத்துவிட்டு, கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

கதவு திறந்திருந்தது.

செருப்பு வாசலில்.

குடை.

கதிரை. கதிரைத் துணியில் ஈரம்.

திரையில் கஜானியின் சாமத்தியவீடு ஓடிக்கொண்டிருந்தது. மேளம். ஆலாத்தி. யாருமில்லாத கதிரை. குனிந்து முகம் துடைக்க இப்போது அருந்ததியும் இல்லை.

அடுத்தநாள் கீரிமலையில் ஐயர் பதினொரு மணிவரை காத்திருந்தார். அருந்ததி இல்லாமலே அந்தியேட்டி நடந்தது. கிணறுகளுக்குள் பாதாளக்கரண்டி போட்டுத் தேடினார்கள். பொலிஸ் வந்து நிரோஜாவிடம் மூன்றுதரம் வாக்குமூலம் எடுத்தது. அருந்ததி தமையனிடம் கனடாவுக்குப் போய்விட்டதாக ஒரு கதையும், இந்தியாவுக்குப் படகேறியதாக ஒரு கதையும் உலாவின. செருப்பில்லாமல் ஒருவர் எப்படிக் கனடா போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கதை அதோடு முடிந்துவிடுமே.

கலியாணப் படங்களைத் திருப்பி வாங்கியவர்கள் எல்லோரும் ஒருதரம்தான் போட்டுப் பார்த்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊர் அப்படி வாயடைத்து இருந்தது அந்த ஒருமுறைதான். ஒவ்வொரு வீட்டுப் படத்திலும் இருவர் நின்றார்கள். மகள் கதைத்துக்கொண்டிருந்தாள். தாய் அவளுடைய பின்தலையில் இருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார், நகத்தாலும் பல்லாலும்.

குகதாசன் கடையைப் பூட்டிவிட்டு வவுனியாவில் தங்கையோடு போய் இருந்துவிட்டார். நிரோஜா அடுத்த வைகாசியில் வல்வெட்டித்துறை ஜெயதீபனைக் கலியாணம் முடித்து நோர்வேக்குப் போனாள். கலியாணத்துக்குக் கமரா வேண்டாம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றது மாப்பிள்ளை வீட்டில் பெரிய கதையாகிப்போனது. பெண்ணுக்கு ஏதோ குறை என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் கைபேசியில் எடுத்து அனுப்பிவிட்டார்.

ஒருநாள் புருசன் வேலைக்குப் போன பிறகு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவள் அதைப் பார்த்தாள். தாலி கட்டுகிற நேரம். மணவறைக்குப் பின்னால் இருவரும். வெள்ளைத் துணி நிலத்தில் கிடக்கிறது. கஜானியின் வாய் திறந்திருக்கிறது, ஒரு வாய் திறக்கக்கூடிய அளவுக்கும் மேலாக. அவளிடமிருந்து இரண்டடி தள்ளி, தூணோடு ஒட்டி, அருந்ததி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நிற்கிறார்.