தாயாரம்மாள் பெயரில் முதல் டேக்

பம்மல் சம்பத் மளிகையில் அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி சம்பத், கல்லாவை ஒட்டிய ஸ்டூலில். அவர் மனைவி சுபத்ரா, அரிசி மூட்டைகளுக்கு முன்னே பிளாஸ்டிக் நாற்காலியில். புது பில்லிங் மெஷின் பொருத்த வந்த விக்கி, தரையில் ஒயர்களுக்கு நடுவே சப்பணமிட்டு. கடையில் வேலை செய்யும் ரோஹிணி, எண்ணெய் டின்னின் மேல். பில் போடுகிறவருக்கான சுழல் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. போன மாதம் வரை அதில் உட்கார்ந்திருந்த தாயாரம்மாள் மாரடைப்பில் போய்விட்டாள். அதன்பின் அதில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

விக்கி நீல நிற டேக்குகளை எடுத்துக் காட்டினான். சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்னச் சின்னத் துண்டுகள்.

"ஆளுக்கு ஒண்ணு அண்ணா. மெஷினாண்ட தொட்டா பீப்னு தொறக்கும். யாரு போட்டதுன்னு பில்லுலயே பேரு வுழும். தொடாம பில்லே வராது."

"மொத டேக்கு தாயாரம்மா பேர்ல போடு," என்றார் சம்பத். "கைராசிக்காரம்மா. அவங்க போணி பண்ணாத்தான் இந்தக் கடையில யாவாரம்."

"செத்தவங்களுக்கா? சூப்பர் ஸ்டாஃபு அண்ணா. லீவும் கேக்க மாட்டாங்க, போனஸும் கேக்க மாட்டாங்க."

"வாயக் கழுவுடா," என்றாள் சுபத்ரா.

அந்த டேக்கைச் சாமி படத்து ஆணியில் மாட்டினார்கள். ரோஹிணி தன்னுடையதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும், தாயாரம்மாள் எப்போதும் தடவும் தலைவலித் தைலத்தின் நெடி முகத்தில் அடித்தது. முந்தின இரவு அணைத்துவிட்டுப் போன மெஷினின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பிரிண்டரின் வாயில் ஒரு பில் தொங்கியது.

கல் உப்பு, ஒரு பாக்கெட்.

பில் போட்டவர்: தாயாரம்மாள்.

உயிரோடிருந்த வரை தினமும் தன் கைக்காசைப் போட்டு உப்பு வாங்கித்தான் அவள் போணி செய்வாள்.

"இந்த வேலைய யாரு பண்ணதுன்னு தெரியாதா?" சுபத்ராவின் கண் ரோஹிணி மேல் நின்றது. "கடையோட இன்னொரு சாவி யார்கிட்ட கீது? அந்த நாற்காலி மேல யாருக்குக் கண்ணு?"

"அக்கா, நான் ஏன்க்கா அப்படிப் பண்ணப் போறேன்?"

"அத நீதான் சொல்லணும்."

கள்ளி என்று பேர் எடுத்துவிட்டால் பம்மலில் எந்தக் கடையும் ரோஹிணியைச் சேர்க்காது. அவளையும் மகளையும் காப்பாற்றுவது இந்த ஒரு சம்பளம். விக்கி எங்கிருந்தோ விளையாடுகிறானோ? இல்லை, தன் தங்கையை இந்த வேலையில் உட்கார வைக்கச் சுபத்ராவே ஆடும் ஆட்டமோ?

அன்று மாலை சுபத்ரா ரோஹிணியிடமிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். ஆணியிலிருந்த டேக்கை முந்தானையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

காலையில் மறுபடி பில். மறுபடி உப்பு.

"டூப்ளிகேட் சாவியும் டேக்கும் பண்ணி வச்சிருக்கா!" என்றாள் சுபத்ரா.

"அப்போ நாளைக்கு நீங்களே அதைக் கையில பிடிச்சுட்டு மெஷின் பக்கத்துல நில்லுங்க," என்றாள் ரோஹிணி. "நான் வாசப்படி தாண்டல."

அடுத்த நாள் ரோஹிணி வாசலிலேயே நிற்க, சுபத்ரா டேக்கைக் கையில் பொத்தியபடி மெஷின் அருகே போனாள்; பிரிண்டர் வெறுமையாக இருந்தது.

"பாத்தியா?" சுபத்ரா சிரித்தாள். "இன்னிக்கி உன்னால முடியல."

பொழிச்சலூர்ப் பக்கமிருந்து ஒரு விமானம் தாழப் பறந்து போனது. ஷட்டர் அதிர்ந்து அடங்கியது.

அடங்கிய பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

கிரீச்.

யாரோ உட்கார்ந்ததுபோலச் சுழல் நாற்காலி கொஞ்சம் இறங்கியது. தைல நெடி பரவியது.

"இன்னாங்க..." சுபத்ராவின் குரல் கிசுகிசுத்தது. "என் கைய இழுக்குது."

டேக்கை மூடியிருந்த முஷ்டி மெஷினை நோக்கி நகர்ந்தது. சம்பத் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. வளையல்கள் கல்லாப் பலகையில் உரசின.

பீப்.

தாயாரம்மாள் பெயரை நீக்க முதலாளி எழுதிக் கேட்டு, டேக்கையும் சேர்த்துத் தன் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று விக்கி போனில் சொன்னான். அன்று மாலையே ரோஹிணி கடிதம் எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இந்த பில்களுக்கும் ஊழியர் ரோஹிணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"இது எதுக்கும்மா?"

"வேணும் சார். கெட்டது என் பேரு."

சம்பத் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கடை திறந்ததும் கூரியர் டெனிஸ் வந்தான். ரோஹிணி கடிதத்தையும் தாயாரம்மாள் டேக்கையும் உறைக்குள் போட்டு, பசை தடவி, ஓரங்களை அழுத்தி ஒட்டிக் கொடுத்தாள்.

"உள்ள இன்னாக்கா, இப்டி சில்லுன்னு கீது? ஐஸ் கட்டியா?"

"சீக்கிரம் எடுத்துட்டுப் போப்பா."

அவன் அதைப் பைக்குள் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. ரோஹிணி மூச்சு விட்டாள்.

பிடரியில் கயிறு இறுகியது.

குனிந்து பார்த்தாள். நெஞ்சில் கிடக்க வேண்டிய அவளுடைய டேக், கயிறு விறைக்க, மெஷினை நோக்கி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்து முன்னால் போனது. கால்கள் பின்னால் போயின.

பீப்.

சம்பத் பில்லைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"உப்புதான்," என்றார். "உன் பேர்ல வுழுந்திருக்கு."