மாடியில் ஒன்று, கீழே ஒன்று

ஞானாம்பாள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மல்லாந்து கிடந்தாள். பின்மண்டையிலிருந்து கசிந்த ரத்தம் தரையில் நின்ற தண்ணீரோடு கலந்து சுவரோரம் வரை ஓடியிருந்தது. அவள் பிடித்து நடக்கும் வாக்கர் கவிழ்ந்து கிடந்தது. காலடியில், தோசைக்கல் அகலத்தில், வெள்ளையாக ஒரு மெஷின் அசையாமல் நின்றது. வீட்டைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ.

மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பிய செந்தாமரைதான் முதலில் பார்த்தாள். அந்த வீட்டில் இரண்டு வருடமாக ஞானாம்பாளைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அவள்.

"ஐயோ அம்மா!"

அலறல் கேட்டு மாடியிலிருந்து மகன் பரணிதரன் இறங்கி வந்தான். ஒரு நொடி அறையை உற்றுப் பார்த்தான். பிறகு செந்தாமரையின் பக்கம் திரும்பினான்.

"நடக்க முடியாதவங்க ரூம்ல மெஷினை ஓட விட்டுட்டு எங்கடி போன?"

அப்போது பகல் பன்னிரண்டு மணி. இரண்டு மணிக்குள் ஞானாம்பாள் தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். செந்தாமரை போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள்.

*

செந்தாமரையின் தங்கை எழில்மொழி கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். வக்கீலாகி நான்கு வருடம். யார் யாருக்கோ ஜாமீன் கேட்டு நின்றிருக்கிறாள். இன்று சொந்த அக்காவுக்காக ஸ்டேஷன் படியேறினாள்.

"எழிலு, நான் அந்த மெஷினைத் தொடவே இல்லடி" என்றாள் செந்தாமரை. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "அது அம்மா ரூமுக்குள்ள போகவே போகாது. நிலைப்படியில முட்டிக்கிட்டுத் திரும்பிடும். அந்த ரூமை நான் கையாலதான் துடைப்பேன். யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க."

எழில்மொழி இன்ஸ்பெக்டர் ஜாஃபர் சாதிக்கின் முன்னால் போய் நின்றாள்.

"நிலைப்படி விஷயத்தை நானும் பார்த்தேன், மேடம்" என்றார் அவர். கடுமையில்லை, அலுப்புதான். "ஏறாதுதான். ஆனா கையால தூக்கி உள்ள வெச்சா? துடைக்கிற வேலை மிச்சம்னு உங்க அக்கா தூக்கி வெச்சுட்டுக் கடைக்குப் போயிருக்காங்க. பெரியம்மா பாத்ரூமுக்கு எழுந்திருக்காங்க. வழுக்கிடுச்சு."

"எந்த போன்லேர்ந்து ஓட்டினாங்கன்னு பார்க்கலாமே சார்?"

"அதை போனோட இணைக்கவே இல்லையாம். மேல இருக்கற பட்டனை அமுக்கினா ஓடும். மெஷினோட தண்ணித் தொட்டி காலி. அத்தனையும் தரையில. இதைப் பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். அறையின் படம். கட்டிலை ஒட்டி, கால் வைத்து இறங்குவதற்காக ஒரு நீல விரிப்பு. அதன் மற்ற மூன்று பக்கமும் தண்ணீர் மினுங்கியது. விரிப்பின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, துளி சிந்தாமல், கச்சிதமாக.

"கை தவறிக் கொட்டின தண்ணி இப்படியா இருக்கும்? விரிப்பை விட்டுட்டுத் தரையை மட்டும் துடைச்சிருக்கு. மெஷின் வேலை, பார்த்தாலே தெரியுது."

எழில்மொழி படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் ஞானாம்பாளின் கை தெரிந்தது. விரல்கள் விரிந்திருந்தன.

"இதை எடுத்தது யார் சார்?"

"மகன்தான். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி."

"தூக்கறதுக்கு முன்னாடியா?"

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா செக்‌ஷன் மாறும். அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும் என்றும், அதற்குள் செந்தாமரையை எவரும் நர்ஸாக வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்றும் தெரியும்.

"ஒரு தடவை அந்த வீட்டைப் பார்த்துக்கறேன் சார். உங்களைக் கெஞ்சிக் கேட்கறேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "இடத்தைப் பார்த்து மகஜர் எழுத நானும் அங்கதான் போறேன். வண்டியில ஏறுங்க. எதையும் தொடக்கூடாது."

*

திருவையாறு போகும் சாலையில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஜீப் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. கண்டியூர் தாண்டியதும் அந்த வீடு. கீழே பழைய கட்டு, தேக்கு நிலைகள், செங்குத்தான படிகள். மேலே புதிதாக எழுப்பிய மாடி.

கூடத்தில் ஞானாம்பாளின் தம்பி இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். கூடத்தை ஒட்டிய சின்ன அறைதான் அவருக்கு. காலையிலிருந்து கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையோடு நின்றதாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் அவரைப் பார்த்ததாகச் சொல்லச் சாட்சி இல்லை.

"முருகையன் மக தானேம்மா நீ? உங்கப்பன் எங்க வயல்ல எத்தனை போகம் ஏர் ஓட்டினான். உங்க அக்கா இப்படிப் பண்ணுவான்னு நினைக்கல."

எழில்மொழி அதை விழுங்கிக்கொண்டாள். "நீங்களும் உங்க அக்காவும் ஒத்துமையா இருந்தீங்களாய்யா?"

"ஒத்துமையா? பைபாஸ் பக்கத்து நிலத்தைப் பத்தி வாரம் ஒரு சண்டை. எனக்கும் அதுல பங்கு உண்டு. விக்கலாம்னு நானும் சொன்னேன், பரணியும் சொன்னான். அக்கா பிடி கொடுக்கல. அதுக்காக அவளைக் கொல்லவா போறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மெஷின் எப்பலேர்ந்து இருக்கு?"

"இந்தச் சனியனா? போன வருஷம் வாங்கினது. வந்த அன்னிக்கே கூடத்துல நான் விரிச்சிருந்த ஜமக்காளத்துல ஏறி சொட்டச் சொட்ட நனைச்சுடுச்சு. உங்க அக்காதான் எடுத்துப் பிழிஞ்சு காயப் போட்டா. அதுலேர்ந்து கூடத்துல ஒரு துணி விரிக்கறதில்ல."

இன்ஸ்பெக்டர் மகஜரில் மும்முரமாக இருந்தார். எழில்மொழி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வெறுந்தரை. ஏதோ ஒன்று மனதின் ஓரத்தில் இடறியது. என்னவென்று பிடிபடவில்லை. வெயில் முற்றத்துச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

"மாடிக்குப் போகலாம் சார்."

*

மாடியில் பரணிதரன் சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படத் தயாராக இருந்தான். துபாயிலிருந்து திரும்பி ஆறு மாதம். மனைவியும் குழந்தையும் இன்னும் அங்கேதான்.

"காலையில எங்க இருந்தீங்க?"

"இங்கதான். ஏசி போட்டுத் தூங்கிட்டேன்."

"கீழ சத்தம் எதுவும்?"

"கேட்கல."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஹாலின் மூலையிலிருந்து ஒரு வெள்ளை மெஷின் ரீங்காரத்தோடு வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே இருந்தது எப்படி மேலே வந்தது?

"அதுவா? இங்க தனியா ஒண்ணு. டைம் வெச்சிருக்கேன், தானா ஓடும்."

அதே வட்டம், அதே வெள்ளை, அதே கம்பெனிப் பெயர். ஈரக்கோடு போட்டுக்கொண்டே வந்தது. ஹாலின் நடுவே விரித்திருந்த தடித்த கம்பளத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்றது. உள்ளே ஏதோ 'டக்' என்றது. பிறகு கம்பளத்தின் மேலேறி எதிர்ப்பக்கம் இறங்கிப் போனது.

எழில்மொழி செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். மெஷின் போன தடத்தில் வெறுங்காலை வைத்தாள். கம்பளம் காய்ந்திருந்தது. இறங்கித் தரையில் வைத்தாள். ஈரம்.

மறுபடியும் கம்பளத்தில் வைத்தாள். காய்ந்துதான் இருந்தது.

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அரும்பாடுபட்டாள்.

"நல்ல மெஷினா இருக்கே சார். கம்பளத்தை நனைக்கவே இல்ல."

"நனைக்காது. துணி விரிச்சிருந்தா அதுக்கே தெரியும்."

"கீழ இருக்கறதும் இதேதானா?"

"ரெண்டும் ஒண்ணுதான். அதைப் பார்த்துட்டுத்தான் இங்கயும் வேணும்னு கடையில சொன்னேன். அதே மாதிரி கொண்டுவந்து கொடுத்தாங்க."

"ஒரு வித்தியாசமும் இல்ல?"

"அதான் ஒண்ணுன்னு சொல்றேனே!"

"சார்" என்று எழில்மொழி இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "இவர் சொன்னதை எழுதிக்கோங்க. அப்புறம் ரெண்டு மெஷினையும் கீழ கூடத்துல ஓட்டிப் பார்க்கணும். ஒரே ஒரு தடவை."

*

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இன்ஸ்பெக்டருக்கே அடையாளம் தெரியவில்லை. குனிந்து அடிப்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். மேலே இருந்ததில் பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்று ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான்.

கட்டிலடியில் கிடந்த நீல விரிப்பு சாட்சிப் பொருளாகக் கட்டப்பட்டிருந்தது. செந்தாமரையின் அலமாரியில் அதன் ஜோடி இருந்தது. கூடத்தில் விரித்தார்கள். முதலில் மாடி மெஷின். ஓரத்தில் நின்றது, 'டக்' என்றது, ஏறி இறங்கியது. இன்ஸ்பெக்டர் விரிப்பைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை.

அடுத்தது கீழே இருப்பது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பட்டனை அமுக்கினார். விரிப்பின் ஓரத்தில் நிற்கவில்லை. அப்படியே ஏறியது. அடியில் இருந்த ஈரத்துணி விரிப்பின் மேல் இழுபட்டது. வெளிர்நீலம் பட்டை பட்டையாகக் கருநீலமாக மாறியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து விரிப்பைத் தொட்டார். விரல் நனைந்தது.

"மேல இருக்கறது துணியைக் கண்டா துடைப்பானைத் தூக்கிக்கும். இதுக்குத் தூக்கத் தெரியாது" என்றாள் எழில்மொழி. "இந்த மெஷின் பெரியம்மா ரூம்ல ஓடியிருந்தா அந்த விரிப்பு நனைஞ்சிருக்கணும். போட்டோவுல காய்ஞ்சிருக்கு. அப்ப இது ஓடவே இல்ல. தொட்டித் தண்ணியை யாரோ கையால ஊத்தியிருக்காங்க. பார்த்துப் பார்த்து, விரிப்புல படாம."

"எதுக்கு விரிப்பை விடணும்?" என்றார் ஜாஃபர் சாதிக். கேட்கும்போதே அவர் குரலில் விடை வந்துவிட்டது.

"மெஷின் அப்படித்தான் துடைக்கும்னு நம்பினவர் ஊத்தியிருக்கார். எங்க அக்கா இதோட ஒரு வருஷம் மாரடிச்சவ. ஜமக்காளத்தைப் பிழிஞ்சவளே அவதான். அதோட தன் தலையில தானே பழியைப் போட்டுக்க யாராவது ஜோடிப்பாங்களா? இராஜாங்கம் ஐயாவுக்கும் இது நனைக்கும்னு தெரியும், ஜமக்காளமே அவரோடது. நனைக்காதுன்னு நினைச்சவர் இந்த வீட்டுல ஒருத்தர்தான். ஜமக்காளம் நனைஞ்சப்ப துபாய்ல இருந்தவர், மேல இருக்கறது கம்பளத்துல ஏறறதை மட்டுமே பார்த்தவர். ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பதான் நம்மகிட்ட சொன்னவர். அடிபட்டுக் கிடந்த அம்மாவைத் தூக்காம முதல்ல போட்டோ எடுத்தவர்."

பரணிதரன் ஓரடி முன்னால் வந்தான். "என்ன உளர்ற? யார் வீட்டுல நின்னுக்கிட்டு யாரைப் பேசற?"

அப்போது இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. கேட்டார். "எப்ப?" என்றார். போனை மெதுவாகச் சட்டைப்பையில் வைத்தார்.

"உங்க அம்மா இறந்துட்டாங்க, பரணிதரன்."

இராஜாங்கம் தலையிலடித்துக்கொண்டு கதறினார். பரணிதரன் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான். ஈர விரிப்பையே வெறித்தான்.

"தள்ளணும்னு தள்ளல" என்றான் கடைசியில். "நிலத்தை விக்க ஒத்துக்கன்னு கெஞ்சினேன். நான் செத்தப்புறம் வித்துக்கன்னாங்க. வாக்கரைப் பிடிச்சு இழுத்தேன். பின்னால விழுந்து கட்டில் கால்ல மண்டை…"

"அப்ப உசிரு இருந்துச்சா?"

பரணிதரன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"கையை நீட்டினாங்க."

"நீ தண்ணி ஊத்தினே" என்றார் ஜாஃபர் சாதிக்.

"பயந்துட்டேன் சார்."

இராஜாங்கம் எழுந்து வந்து அவன் கன்னத்தில் அறைந்தார். கான்ஸ்டபிள் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

*

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. செந்தாமரைக்கு நடந்தது எதுவும் தெரியாது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எழில்மொழி இன்ஸ்பெக்டரிடம் கேட்டிருந்தாள்.

"வாக்கா. வீட்டுக்குப் போகலாம். உன் மேல ஒண்ணும் இல்ல. பரணிதரன் ஒத்துக்கிட்டாரு."

செந்தாமரை நம்ப முடியாமல் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"அம்மா கண் முழிச்சாங்களா?"

எழில்மொழி அக்காவின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே செந்தாமரைக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திரை நாளைக்கு வாங்கிக்கலாம், இப்ப போகாதடின்னு சொன்னாங்க எழிலு" என்றாள். "நான்தான் கேட்காம போனேன்."

சாலையில் ஆட்கள் காய்ந்த நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தங்கையும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள். வழியெல்லாம் செந்தாமரை அழுதுகொண்டே வந்தாள். எழில்மொழி பிடித்த கையை விடவில்லை.