கண்டல்முனை அல்பம்

சீவரத்தினத்தாரின் முகத்தை எப்போது வெட்டினோம் என்று பத்மாசினிக்கு நினைவு வரவில்லை.

வேறு ஆரும் வெட்டியிருக்க வழியில்லை. அல்பம் அவளுடையது, கத்தரிக்கோலும் அவளுடையது, அரியாலையில் அந்த வீட்டுக்குள் அவளையும் மகன் குகநேசனையும் விட்டால் வேறு ஆளும் இல்லை. செத்துப்போன இராசநாயகம் மாஸ்டரின் முகத்தை வெட்டிக் கொடுக்கத்தான் அன்று பின்னேரம் அல்பத்தை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டினால், மரப்பாலத்தில் வரிசையாக நின்றவர்களில் ஒருவருக்குக் கழுத்துக்கு மேலே கறுப்பு. கட்டம் போட்ட சாரம், தோளில் துவாய், இடுப்பில் கை. சீவரத்தினத்தார்தான், சந்தேகமில்லை. அவரோ முதல்நாள்தான் சைக்கிளில் வந்து படலையடியில் மணியடித்து, மண்ணெண்ணெய் எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனவர். உயிரோடு இருக்கிற மனிசனின் முகத்தை வெட்டுகிற அளவுக்குத் தனக்கு மண்டை பிசகிவிட்டதா என்று யோசித்தாள். பிறகு, இருக்கும், என்று விட்டுவிட்டாள்.

அப்படி விட்டுவிட முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவள் வெட்டின முகங்கள் கொஞ்சநஞ்சமா?

அரியாலைக்குக் கிழக்கே, கண்டல் பற்றைகள் கடல்நீரேரிக்குள் இறங்குகிற மூலைக்குக் கண்டல்முனை என்று பெயர். கொழும்பில் உத்தியோகம் பார்த்த ஐந்தாறு குடும்பங்கள் ஒரு காலத்தில் அங்கே சின்னச் சின்ன விடுதி வீடுகள் கட்டியிருந்தன. சித்திரை லீவு, ஆவணி லீவு எல்லாம் அங்கேதான். தண்ணீருக்குள் நீண்ட ஒரு மரப்பாலம், ஒரு வள்ளம், நண்டுக் குழம்பு, ஒடியல் கூழ், ஆம்பிளைகளுக்கு முந்நூற்றுநாலு சீட்டாட்டம், பெண்களுக்கு ஊர்ப் புதினம். பத்மாசினியின் கணவர் கனகலிங்கத்திடம் நல்லதொரு கமெரா இருந்தது. ஒவ்வொரு லீவிலும் எல்லாரையும் பாலத்தில் நிறுத்திப் படம் பிடிப்பார். எண்பத்துமூன்று கலவரத்தோடு அந்தப் பக்கம் போகிற வழக்கம் நின்றது. விடுதிகளின் கூரைமரங்களைப் பங்கர்க் குழிக்கு மேலே போடச் சனம் கழற்றிக்கொண்டு போனது. பிறகு ஓடின ஓட்டங்களில் ஒவ்வொரு குடும்பமும் தன் படங்களைத் தொலைத்தது. மிஞ்சியது இந்த அல்பம் ஒன்றுதான்.

அதனால் அந்தக் கூட்டத்தில் ஆரும் கண்ணை மூடினால் வீட்டுக்காரர் பத்மாசினியிடம்தான் வருவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். செத்தவரின் வரலாறும் புலம்பல் பாட்டும் போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தின் முகப்பில் முகம் வேண்டும். அடையாள அட்டைப் படத்தைப் போட ஒருவருக்கும் மனம் வராது. அது காவல் சென்றியில் காட்டிக் காட்டிச் சலித்த முகம். சனத்துக்குச் சிரிக்கிற முகம் வேண்டும். ஸ்ரூடியோ வைத்திருக்கிற சந்தியோகுவோ, கரண்ட் இல்லாத காலத்தில் கூட்டப் படத்தைப் பெருப்பிக்க ஏலாது, முகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தால் வெயிலில் வைத்து எப்படியாவது பிரதி எடுத்துத் தாறன் என்பார். பத்மாசினி ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கனகலிங்கம் மாரடைப்பில் போனபோது அவருக்கென்று ஒரு படம் இருக்கவில்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவர், ஒன்றில்கூட நிற்கவில்லை. அடையாள அட்டையும் இந்தியன் ஆமி வந்த நேரம் தொலைந்துபோனது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கைப் போட்டுக் கல்வெட்டு அடித்தார்கள். அந்த வேதனை வேறு ஆருக்கும் வரக்கூடாது என்று அவள் மனதார நினைத்தாள்.

முதல் முகத்தை வெட்டும்போது அழுதாள். இரண்டாவதுக்கும் அழுதாள். பிறகு பிறகு, வாழைக்காய் சீவுகிற மாதிரித்தான். கை பழகினால் நெஞ்சும் பழகிவிடுகிறது, என்ன செய்ய?

ஆனால் அன்று தாள்கள் நமுத்திருந்தன. கோடை வெயிலில் முற்றத்து மண்ணே பொருக்கு வெடித்துக் கிடக்க, அல்பத்தின் கறுப்புத் தாள்கள் மட்டும் விரலில் ஒட்டின. சாதாளை மணத்தது. ஏரிக்கரையில் ஒதுங்கிக் குவிந்து, வெயிலில் அவிந்து, கிட்டப் போனால் தொண்டையில் ஒட்டுகிற அந்தப் பாசி மணம், அலுமாரிக்குள் இருந்து எடுத்த அல்பத்தில் இருந்து மெல்ல எழும்பி, அறை முழுக்கப் பரவி, தலையணை உறைவரைக்கும் போய்ப் படிந்தது.

அந்தக் கிழமை முடிய முதல் சீவரத்தினத்தாரின் மருமகன் வந்து படலையில் நின்றான். மாமா கிணற்றடியில் விழுந்தவர், எழும்பவில்லை என்றான். பத்மாசினி அல்பத்தை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தாள். வள்ளத்தில், பாலத்தில், கூழ்ப்பானைக்குப் பக்கத்தில், சீவரத்தினத்தார் நின்ற எல்லாப் படத்திலும் கழுத்துக்கு மேலே ஓட்டை. வெட்டின துண்டு ஒன்றும் இல்லை. அலுமாரிக்குள் இல்லை, கட்டிலுக்குக் கீழே இல்லை. அவரும் குத்துவிளக்கோடுதான் போனார்.

பிறகு மகாதேவி வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள், கண்டல்முனைக் கூட்டத்தில் மிஞ்சிய சிலரில் ஒருத்தி. இழுப்புக்காரி, ஆனால் வாய் ஓயாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, சவர்க்காரம் விற்கிற விலையையும் மருமகளின் கைப்பக்குவத்தையும் ஒருபாட்டம் திட்டி முடித்துவிட்டு, அல்பத்தை எடுக்கச் சொன்னாள்.

"ஒருக்கால் காட்டுமன். என்ரை பழைய கோலத்தைப் பாப்பம்."

பத்மாசினி அல்பத்தைத் தன் பக்கமாக வைத்துத்தான் திறந்தாள். வள்ளத்தின் நுனியில் மகாதேவி இருந்தாள். கையில் துடுப்பு, மடியில் ஈரச் சேலை, கழுத்தில் அட்டியல். அட்டியலுக்கு மேலே ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. அவள் அல்பத்தை மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"தாள் ஒட்டிப்போய்க் கிடக்கு அக்கா. காயவிட்டுக் காட்டுறன்."

"சரி, ஆறுதலாக் காட்டு." மகாதேவி எழும்பிச் சேலையை உதறினாள். "நான் செத்தால் அந்த வள்ளத்துப் படத்தைக் குடு, என்ன? அதிலைதான் நான் வடிவு."

"ஓம் அக்கா."

படலைவரை போய் வழியனுப்பினாள். சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது? உனக்குத் தலை இல்லை என்றா? அடுப்படிக்குத் திரும்பி வந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பயம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மகாதேவி இழுப்பு முற்றி, மருந்து கிடைக்காமல் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோதும், தெரியும், என்றுதான் முதலில் மனதுக்குள் ஓடியது.

கத்தரிக்கோலைக் கிணற்றுக்குள் போட்டாள். அல்பத்தைச் சீலையால் சுற்றி, றங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்தாள். அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்கத் தொடங்கியது. பொழுதுபட்டு, காகம் அடங்கி, ஜாம்போத்தல் விளக்கின் சின்னச் சுடரில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் சுவரில் இரண்டு மடங்காக ஏறி நிற்கிற நேரத்தில், றங்குப் பெட்டிக்குள் இருந்து, கடதாசியைக் கூரான ஒன்று அவசரப்படாமல் கடந்துபோகிற சத்தம். சருக். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. சருக்.

குகநேசன் அதைக் கேட்கவில்லை. அவனுக்குத் தலைக்குமேல் வேறு வேலை. பிரான்சில் இருக்கிற மாமன் கூப்பிட்டிருந்தான், ஊரைவிட்டுப் போகப் பாஸ் கிடைத்துவிட்டது, கிளாலிக்குப் போய் இருட்டினதும் படகேறி, ஏரியைக் கடந்து வவுனியா, அங்கிருந்து கொழும்பு. அவனை அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதே பத்மாசினிதான். இங்கே இருந்தால் அவன் மிஞ்சமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஏரியில் நேவி சுடுகிறான் என்பதும் தெரியும். அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான்.

புறப்படுகிற அன்று, அவன் கிணற்றடியில் குளிக்கும்போது பெட்டியைத் திறந்தாள்.

குகநேசன் இருக்கிற படம் அதில் ஒன்றே ஒன்று. மூன்று வயது. பாலத்தின் நுனியில் அவள் நிற்கிறாள், இடுப்பில் அவன், கன்னத்தோடு கன்னம். முகம் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காதடியில் இருந்து ஒரு வெட்டு. மயிரளவு. தாடையைச் சுற்றி வளைந்து, நாடிக்குக் கீழே வந்து நின்றது. அந்த இடத்தில் ஈரம்.

வெட்டு இன்னும் முடியவில்லை.

போகவேண்டாம் என்றாள். அவன் சிரித்தான். இன்றைக்கு நாள் சரியில்லை, காய்ச்சலாகக் கிடக்கு, அடுத்த கிழமை போ, என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். காரணத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. படகுக்காரன் அடுத்த கிழமை இருக்கமாட்டான், பாஸும் காலாவதியாகிவிடும் என்று அவன் பொறுமையாக விளக்கினான். சைக்கிளில் சினேகிதன் வந்து நின்றான்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. கனபேர் போகினம். விடிய நான் அங்காலை நிப்பன்."

"போட்டு வா ராசா."

சைக்கிள் ஒழுங்கையால் திரும்பிப் போனது. அவள் உள்ளே போனாள். பெட்டி பூட்டியிருந்தது. சருக். திறந்தாள். வெட்டு நாடியைத் தாண்டி மற்றக் காதுக்கு ஏறியிருந்தது. நெற்றி மட்டும்தான் மிச்சம்.

விளக்கைக் கொளுத்தினாள். அதையே பார்த்தபடி இருந்ததில் இருட்டிவிட்டது. கிளாலியில் இப்போது படகில் ஏறுவான். ஏறியிருப்பான்.

யோசித்தாள். யோசிக்க நேரமில்லை. படத்தைக் கிழித்தால்? எரித்தால்? எரிப்பது நல்லதற்கா கெட்டதற்கா, ஆருக்குத் தெரியும். வெட்டுகிறவர் ஒரு முகம் எடுக்கத்தான் வருகிறார். முகம் என்றால் முகம். அவளிடம் ஒன்று இருந்தது.

கனகலிங்கத்தின் சவரப் பெட்டியில் பழைய பிளேட் கிடந்தது. துருப்பிடித்துக் கறள். பரவாயில்லை. படத்தில் தன் முகத்தைச் சுற்றி வெட்டினாள். தலைமயிர் தொடங்குகிற இடம், கன்னம், நாடி. பிள்ளையின் கன்னத்தில் படாமல். வெட்டிப் பழகின கை. பானையில் இருந்த சோற்றில் நாலு பருக்கையை மசித்துத் துண்டின் பின்புறம் பூசினாள். பிள்ளையின் முகத்துக்கு மேலே தன் முகத்தை ஒட்டினாள். பெருவிரலால் அழுத்தினாள்.

மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பில் அவளுடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு இருந்தாள். பெட்டிக்குள் வைக்கவில்லை. வாறவர் தேடக்கூடாது.

சாதாளை மணம் வந்தது. முதலில் கதவடியில். பிறகு பாயடியில். மரப்பலகையில் ஆரோ நடக்கிற சத்தம். அந்த வீட்டில் மரப்பலகை இல்லை, சீமெந்துத் தரை. மடியில் ஈரம் ஊறியது. சுடர் சாய்ந்தது.

சருக்.

மிகக் கிட்டத்தில்.

சருக். சருக். சருக்.

வெளித்தபோது அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். சேவல் கூவியது. வீட்டில் சாதாளை மணம் இல்லை. எந்த மணமும் இல்லை. பின்வளவில் ஆரோ சருகு கொளுத்திப் புகை முற்றத்துக்கு வந்தது, அதுவும் மணக்கவில்லை. தடிமன் பிடித்துவிட்டது போலும் என்று நினைத்தாள். அல்பத்தைத் திறந்தாள். ஒட்டின துண்டு போயிருந்தது. அதன் கீழே பிள்ளையின் முகம், சோற்றுப் பசை காய்ந்த முகம், முழுதாக இருந்தது. வெட்டின அடையாளம்கூட இல்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வருசக்கணக்கில் வராத அழுகை அப்போது வந்தது, விம்மி விம்மி, தோள் குலுங்க. கண்ணீர் மட்டும் எங்கேயும் விழவில்லை.

வெயில் ஏறினபோது படலை திறபட்டது.

குகநேசன். உடுப்பெல்லாம் சேறு, ஒரு காலில் செருப்பு இல்லை, ஆனால் முழுசாக. முன்னால் போன படகைச் சுட்டுவிட்டார்கள், அதில் ஒருவரும் மிஞ்சவில்லை, எங்கடை படகு திரும்பிவிட்டது, என்று ஒழுங்கையில் நின்ற ஆருக்கோ சொல்லிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் எழும்பி ஓடினாள். வாசலைத் தாண்டி முற்றத்தில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, ராசா, ராசா என்று கூப்பிட்டுக்கொண்டு.

அவன் நின்றான்.

அவளைப் பார்த்தான். அவளுக்குள்ளால் பார்த்தான். பின்னால் இருந்த வாசலையும் வாசலுக்குள் தொங்கிய கொடியையும் பார்க்கிற பார்வை. முதுகு படலையில் இடிபடும்வரை பின்னுக்குப் போனான்.

"அம்மா எங்கை?"

இஞ்சை நிக்கிறன் ராசா, என்றாள். சத்தம் வரவில்லை.

"எங்கடை அம்மா எங்கை?"

அவனுடைய கண் அவளை விட்டு நிலத்துக்கு இறங்கியது. அவளும் குனிந்தாள். காலை வெயில் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நிழல் மண்ணில் நீண்டு அவன் காலடிவரை போயிருந்தது. சேலை இருந்தது. நீட்டின கை இருந்தது. கொண்டை இருந்தது, இரண்டு காதும் இருந்தன. இரண்டு காதுக்கும் நடுவில், மண்ணில், வட்டமாக வெயில்.