ஏழாம் துளைக்குக் கீழே ஓடிய தண்ணீர்

"சாயங்காலம் துளை போடுற லாரி வந்துடும். அதுக்குள்ள தண்ணி எங்க போவுதுன்னு கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லு. இல்லேன்னா ஏழாம் துளை இங்கதான்!" என்று அமுதவல்லியிடம் சொல்லிவிட்டு மேலாளர் வரதராஜன் ஜீப்பில் ஏறினார்.

பழுப்பு நிலக்கரி தேடும் குழுவில் அவள்தான் புதிய நிலவியலாளர். முந்திரிக்காட்டு நடுவே செம்மண் பிளந்து கிடந்த பள்ளத்தை வரைபடம் 'உலர் ஓடை' என்றது. ஆனால் பள்ளத்தின் மேல் முனையில் தண்ணீர் ஓடியது. கொஞ்ச தூரம் ஓடி, ஒரு பொந்துக்குள் விழுந்து காணாமல் போனது. கிழக்கே சரிவில் இருந்த தாழைக்குளத்துக்குத்தான் அது போகிறது என்பது அவள் கணிப்பு. அப்படியானால், துளை போடும்போது உள்ளே செலுத்தும் ரசாயனச் சேறும் அங்கேதான் போய்ச் சேரும். ஊர் முழுக்கக் குடிக்கும் குளம் அது.

காலையிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தாள். பொந்துக்குள் இரண்டு கூடை முந்திரிப்பழத்தைக் கொட்டிவிட்டுக் குளத்துக்கு ஓடினாள். பழங்கள் மிதந்தன! அவள் கை தட்டியதைப் பார்த்துத் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"அது எங்க வூட்டுப் பழம்மா! கொட்டையத் திருகிட்டு இப்பதான் கொட்னேன். இந்த ஊர்ல பழத்த எவ வச்சிக்கறா?"

கூட வந்த செம்பியனுக்கு முகம் செத்துப்போனது. அவன் முந்திரி விவசாயி, இதே ஊர்க்காரன். பழத்தைப் போடலாம் என்று யோசனை சொன்னதே அவன்தான்.

"ஊர்க்காரன் யோசனை!" என்றான் குழுவின் இன்னொரு ஜீப்பை ஓட்டும் லூர்து. "பலாக்கொட்ட போடலான்னு சொல்லாம வுட்டியே."

"நீ பேசாத. உனக்கு அதுகூடத் தோணல."

மிச்சமிருந்தது ஒரே வழி. மூவரும் கயிறும் விளக்கும் எடுத்துக்கொண்டு பொந்துக்குள் இறங்கினார்கள்.

உள்ளே குனிந்துதான் நடக்க முடிந்தது. தலைக்கு மேலே செம்பாறை, காலுக்குக் கீழே வழுக்கும் வெள்ளைக் களிமண். களிமண் கீழே இறங்க விடாது என்பதால் தண்ணீர் அதன் மேலேயே ஓடி ஓடிப் பாறையை அரித்திருக்கிறது. பத்தடிக்கு ஒருமுறை நின்று அவள் படம் எடுத்தாள்.

"அக்கா, தண்ணி ஏறுது" என்றான் செம்பியன்.

கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. வெளியே கோடை மழை பிடித்துக்கொண்டது! வந்த வழியே திரும்பினார்கள். எதிரே பொந்தின் வாயில் செம்மண் தண்ணீர் அருவியாய்க் கொட்டியது. லூர்து கயிற்றைப் பிடித்து ஏறப் பார்த்தான். வெள்ளம் அவனைப் புரட்டி அமுதவல்லியின் காலடியில் போட்டது.

"முன்னாலதான் போவணும்" என்றாள் அவள்.

"குளத்துக்குப் போவுதுன்னு உறுதியாத் தெரியுமா?"

"கணிப்பு."

"கணிப்பா! அடக் கடவுளே..." என்று முனகிக்கொண்டே லூர்து அவள் பின்னால் நடந்தான்.

குகை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் மேடு, காய்ந்து கிடந்தது. இடப்பக்கம் இடுப்பளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்கியது.

"மேட்டுல ஏறி ஒக்காந்துருவோம்க்கா. மழ வுட்டதும் போலாம்."

அமுதவல்லி மேட்டுப் பக்கம் விளக்கை அடித்தாள். கூரையிலிருந்து மண் கட்டி கட்டியாக உதிர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் களிமண்ணைக் கையால் தடவினாள். திசைகாட்டியில் பார்த்தால் அது கிழக்கே சரிந்தது. குளமும் கிழக்கேதான். அவளுக்குப் பயமாக இருந்தது. காலையில் இந்தக் கணிப்பு தவறியிருந்தால் மேலாளர் சிரித்திருப்பார், அவ்வளவுதான். இப்போது தவறினால் மூன்று பேர் சாக வேண்டும்.

"தண்ணி போற பக்கமே போவோம். கயித்த இடுப்புல கட்டுங்க!"

அவர்கள் தண்ணீரில் இறங்கியதும், வலப்பக்க மேட்டின் கூரை பின்னால் 'தொம்' என்று இடிந்து விழுந்தது. விளக்கு அணைந்தது. தண்ணீர் மார்புக்கு ஏறியது, பிறகு கழுத்துக்கு. கூரையில் முகத்தை ஒட்டி மூச்சு இழுத்தார்கள். அதன்பின் கூரையும் தாழ்ந்தது. வெள்ளம் மூவரையும் இழுத்து உருட்டியது. அமுதவல்லியின் முகத்தில் ஏதோ முள் கீறியது. தாழை வேர்! இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தாள். வெளிச்சம் தெரிந்தது.

குளக்கரையில் துளை போடும் லாரி அதற்குள் வந்து நின்றிருந்தது. வேலைக்குத் தண்ணீர் வேண்டுமே! குழாயைக் குளத்தில் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குடை பிடித்து நின்ற வரதராஜனின் கண்ணெதிரே தாழம்புதரைப் பிய்த்துக்கொண்டு செம்மண் தண்ணீர் பீறிட்டது. கூடவே, ஒரே கயிற்றில் கட்டிய மூன்று பேரும் சேறாய் வந்து விழுந்தார்கள்.

குடை அவர் கையிலிருந்து நழுவியது.

"எங்கேருந்தும்மா வர்றீங்க?"

"ஏழாம் துளைக்குக் கீழேருந்து சார்" என்றாள் அமுதவல்லி. பிறகு குளத்து ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அவர் சிவந்து கலங்கிய குளத்தைப் பார்த்தார். லாரிக்காரனிடம் கை காட்டிக் குழாயைச் சுருட்டச் சொன்னார். அன்றே வரைபடத்தில் 'உலர் ஓடை' என்பது அடித்து நீக்கப்பட்டது. ஏழாம் துளை, தண்ணீர் ஓடும் தடத்தை விட்டு வடக்கே தள்ளிப் போனது. எட்டாம் துளை முதல் மற்றவை குறித்த இடத்திலேயே விழும். அவற்றின் கீழே என்ன ஓடுகிறது என்று இனிமேல்தான் இறங்கிப் பார்க்க வேண்டும்.

"எட்டாந் துளைக்கு என்னாக்கா போட்டுப் பார்ப்போம்?" என்று செம்பியன் கேட்டான்.

"ஊர்ல யாரும் போடாதது எதுனா."

லூர்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தபடி சொன்னான்: "என்ன மட்டும் போட்றாதீங்க."