அறுபது எண்களும் ஒரு சந்தேகமும்

“அறுபது எண்ணு... அதுக்கு அறுபது தடவை சுத்தற லூப்பா? ஒரே வரியில முடியுமேங்க! பாவம், உங்க கம்ப்யூட்டர்.”

“அடுத்தவங்க திரையை எட்டிப் பார்க்கிறதுதான் உங்க வேலையா?”

மூன்று மாதங்களுக்கு முன், ஆக்லாந்து பேருந்து நிறுத்தத்தில், சாய்ந்தடித்த மழையில் முன்பின் தெரியாத ஒருவனோடு ஒரே பெஞ்சில் ஒதுங்கி, மடிக்கணினியில் அவள் நிரல் எழுதிக்கொண்டிருந்தபோது பேசியது. ஒரு சொல் விடாமல் நைரிக்கு நினைவிருந்தது. அவன் இமையில் நின்ற மழைத்துளியும்தான்...

மறுவாரமே அதே ஆள், அனாரு என்ற பெயரோடு, அவளுடைய மீன்வள ஆய்வு அலுவலகத்தில், பக்கத்து மேசையில்! இருவரும் தற்காலிகம், நிரந்தர இடமோ ஒன்றே ஒன்று. அப்படியானால் அந்தச் சந்திப்பு தற்செயல்தானா?

தினமும் ஃபீஜோவாப் பழம் நீட்டினான். “சாப்பிடுங்க, லூப் ராணி!” எதற்கு இந்தக் குழைவு? வெலிங்டனுக்கே போய்விடப் போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாடகம் என்றது அவள் மனம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றது...

அவன் கிண்டல் பொறுக்காமல்தான் நேற்று லூப்பை அழித்துவிட்டு ஒரே வரியில் மேட்ரிக்ஸ், அதாவது எண் கட்டங்களின் அட்டவணை, கட்டினாள்.

இன்று மூன்று மணிக்கு அறிக்கை போயாக வேண்டும். பன்னிரண்டு விரிகுடாக்கள், ஐந்து ஆண்டுகள், ஸ்னாப்பர் மீன் எண்ணிக்கை. அட்டவணையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீனே சிக்காத சேற்று விரிகுடாவில் ஸ்னாப்பர் குவிந்து கிடந்தது! இது வெளியே போனால் வேலை போச்சு. கோப்பைக் கடைசியாகத் திறந்தது யார்? காலை ஆறு மணி... அனாரு.

“என் எண்ணை ஏன் மாத்துனீங்க?”

“மாத்தல. பார்த்தேன்.”

“திருடனும் இதைத்தான் சொல்வான்!”

அவன் இரண்டு தாள்களை நீட்டினான். ஒன்று பழைய பிரதியிலிருந்த லூப் தந்தது, மற்றது புதிய வரி தந்தது.

“நீங்க ஒவ்வொரு விரிகுடாவுக்கும் அஞ்சு வருஷ எண்ணை வரிசையா எழுதியிருக்கீங்க. ஆனா மேட்ரிக்ஸ், நாம சொல்லலேன்னா, மேலிருந்து கீழா நிரப்பிக்கிட்டே போகும். இடமிருந்து வலமா நிரப்புன்னு சொல்ல மறந்துட்டீங்க. அறுபதும் கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. அதான் தப்புன்னு அது மூச்சே விடல.”

அவள் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாள். மீன்களெல்லாம் தத்தம் விரிகுடாவுக்குத் திரும்பின. முகம் சுட்டது.

“நீங்களே சரி பண்ணியிருக்கலாமே?”

“உங்க பேர்ல போற அறிக்கை. கேட்காம கை வைக்கலாமா? காலையிலிருந்து எப்படிச் சொல்றதுன்னு தவிச்சேன். உங்க லூப் சரியாத்தான் இருந்துச்சு நைரி... கெடுத்தது என் கிண்டல்.”

“மேலாளர்கிட்ட சொல்லியிருந்தா அந்த இடம் உங்களுக்குத்தானே?”

“அதுக்கு நான் விண்ணப்பமே போடல. திங்கக்கிழமை வெலிங்டன் கிளம்பறேன்.”

நாடகமில்லையா அது?

“ஏன்?”

“பிடிச்ச பொண்ணு பக்கத்துலயே உட்கார்ந்து, தினமும் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தா... எத்தனை நாள்தாங்க தாங்கறது?”

சொல்லிவிட்டு மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தான். நைரி ஓடிப்போய் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். ஒரு மாதமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்தது, இப்போது குரலோடு வந்தது.

“போகாதீங்க, அனாரு... எனக்காக இங்கேயே இருங்க.”