மூன்று கட்டங்களில் ஒரே பெயர்

லேப்டாப்பின் விசிறி நின்ற பிறகும் அறைக்குள் ஒரு மூச்சுச் சத்தம் மிச்சமிருந்தது. சித்திரபுரத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கிவிடும். தகரக் கூரையில் ஈரம் சொட்டுகிறது, அவ்வளவுதான் என்று செல்வலட்சுமி மனதைத் தேற்றிக்கொண்டாள். சேலைத் தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

ஜீப் கவிழ்ந்து புருஷன் போய் மூன்று மாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று அவன் பாடி லேப்டாப்பில் பதிந்துவைத்த நாற்பத்தொரு தாலாட்டு, அது மட்டும்தான் பிள்ளைக்கு அப்பன். நேற்று அதிலிருந்த லினக்ஸ் கிளம்பாமல் படுத்துவிட்டது. அதை மறுபடி நிறுவ, இன்று பாலக்காட்டிலிருந்து கொழுந்தன் ஜெகன் போனில் வழி சொன்னான்.

"மதினி, ஹோம்னு போட்டிருக்க பகுதிக்கு மட்டும் ஃபார்மட் டிக் வச்சிராதீக. வச்சா பாட்டு அம்புட்டும் போயிரும்."

வைக்கவில்லை. அடுத்து மூன்று கட்டங்கள் வந்தன: உங்கள் பெயர், கணினியின் பெயர், பயனர் பெயர்.

"அண்ணன் பேரையே குடுங்க. பழைய பேரு இருந்தாத்தான் பழைய ஃபைலு ஒட்டும்."

"வெளக்கு வைக்கிற நேரம் தம்பி. செத்தவுக பேர மூணு தடவ கூப்புட்டா வந்துருவாகம்பாக."

"டைப் அடிக்கிறது கூப்புடுறதா மதினி?" அவன் சிரிக்கும்போதே சிக்னல் போய்விட்டது.

எந்தக் கட்டத்தில் பிசகினால் பாட்டு போகுமோ! கட்டிய நாளிலிருந்து அவன் பெயரை வாயால் சொல்லாதவள், விரலால் சொன்னாள். தங்கதுரை. தங்கதுரை. கூரைச் சொட்டு நின்றது. தங்கதுரை.

அரைமணி நேரம் கழித்து 'வணக்கம், தங்கதுரை' என்றது திரை. ஓடிப்போய்த் திறந்தாள். பாட்டு அத்தனையும் பத்திரம். அழுதேவிட்டாள். பிறகுதான் எண்ணினாள்.

நாற்பத்திரண்டு.

கடைசியாக இருந்தது பதிவான நேரம், ஆறு பத்து. சுவரில் மணி ஆறு பன்னிரண்டு.

அதை அழுத்தினாள். விசை தட்டும் சத்தம். அவளுடைய விசும்பல். பிடரிக்குப் பின்னாலிருந்து பதிந்ததுபோல் அத்தனை கிட்டத்தில். பிறகு, அவன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் படியில் சேறு உதிர்க்கும் பூட்ஸ் சத்தம். டொக். டொக். டொக்.

"கூப்பிட்டியா செல்வி?"

திரும்பினாள்.

கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உள்ளே, கால்மிதிமேல் பூட்ஸ். குழியில் இறக்கும்போது அவன் காலில் அவளே மாட்டிவிட்டது. ஈரச் செம்மண் அப்பியிருந்தது.

அதிலிருந்து வெறுங்கால் தடம். தொட்டில்வரைக்கும்.

தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.